மேளம் நிற்காத வாசல்

கண்ணாடிக் கதவு பொருத்த வந்த ஷங்கர் கடைசிக் கதவையும் அதன் தடத்தில் ஏற்றி, இழுத்துச் சாத்தி, பிடியைக் கீழே அழுத்தினான். அந்தக் கணமே வீட்டுக்குள்ளிருந்து சாலைச் சத்தம் போய்விட்டது.

புக்கிட் ரம்பாயில் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெரிய சாலையை ஒட்டிய தாமான், வரிசை வீடுகளின் குடியிருப்பு, அது. பொழுது விடிந்ததும் கொள்கலன் லோரிகள் பிரேக் பிடித்துச் சீறத் தொடங்கும். வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் முனகும், அலறும். வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய பழைய ஜன்னல்கள்தான். இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கு வழியாகச் சத்தம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். சுகுமாரன் தன் வீட்டில் அவற்றைக் கழற்றிவிட்டு, நடுவே விரல் அகல இடைவெளி விட்டு ஓரமெல்லாம் காற்றுப் புகாமல் அடைத்த இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களைப் போட்டிருந்தான். வாசலுக்கும் அதே போல இழுவைக் கதவு.

“வெயிலும் உள்ள அவ்வளவா எறங்காதுண்ணே. ஏர்கோன் போட்டா சீக்கிரம் குளுந்துரும். ஃபேக்டரித் தூசியும் கொறையும்,” என்றான் ஷங்கர், கையைத் துடைத்துக்கொண்டே. “கரண்டு பில்லப் பாத்துட்டு நீங்களே தேடி வந்து எனக்கு ஒரு கிளாஸ் தே தாரிக் வாங்கிக் குடுப்பீங்க, பாருங்க லா.”

சுகுமாரன் தலையாட்டினான். அவன் கண் ஷங்கரின் மேல் இல்லை. அவன் மனைவி தேவமலரின் கண்ணும் இல்லை. இருவரும் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திவ்யதர்ஷினிக்கு ஏழு வயது. ஆட்டிசம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். பேச்சு அதிகம் இல்லை. மற்றவர்களுக்கு வெறும் சத்தமாக இருப்பது அவளுக்கு அடியாக இருந்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் இரு கைகளும் காதுகளின் மேல்தான் இருக்கும். சாப்பிடும்போது மட்டும் ஒரு கையை எடுத்து, அந்தப் பக்கத்துக் காதைத் தோளில் அழுத்திக்கொள்வாள். கதவு வேலை நடந்தபோது ஜாசினில் சித்தி வீட்டில் விட்டிருந்து, இப்போதுதான் அழைத்து வந்திருந்தார்கள்.

அவள் கூடத்தின் நடுவில் நின்றாள். வெளியே ஒரு லோரி போவது தெரிந்தது, கேட்கவில்லை. மெதுவாக அவள் கைகள் கீழே இறங்கின. பழக்கமில்லாத பொருளைப் பார்ப்பதுபோல் தன் உள்ளங்கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தேவமலர் பூஜை மாடத்தின் பக்கம் திரும்பி, மாரியம்மன் படத்தைக் கும்பிட்டாள். நன்றி சொல்லத்தான் நினைத்தாள். வார்த்தை வரவில்லை.

அவளுக்கும் அம்மனுக்கும் இடையே ஒரு பாக்கி இருந்தது. குழந்தை கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் வலிப்பு வந்து பிழைப்பதே சந்தேகமாகிப் போனது. அன்று தேவமலர் வேண்டிக்கொண்டாள். ஒவ்வோர் ஆண்டும் ஆடித் திருவிழாவில் ரதம் வீட்டுக்கு வரும்போது, பிள்ளை தன் வாசலில் நின்று அம்மன் குங்குமத்தை நெற்றியில் வாங்கும். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த வரை அது நடந்தது. வளர வளர மேளம் அவளைத் தாக்கியது. ஆளில்லாத மதிய நேரமாகப் பார்த்துக் கோயிலுக்குக் கூட்டிப்போய் வந்தாலும், வேண்டிக்கொண்டது அதை அல்லவே. போன ஆண்டு ரதம் தெருவுக்குள் நுழைந்தபோது, தேவமலர் எல்லா ஜன்னலையும் அடைத்து, தலையணைகளைச் செருகி, பின்கட்டுக் குளியலறையில் மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படியும் பிள்ளை தன் மணிக்கட்டைத் தானே கடித்து ரத்தம் வரவழைத்துவிட்டாள். ரதம் பூட்டிய கதவின் முன் சற்று நின்றுவிட்டுப் போயிற்று. அது போகும் சத்தத்தையும் தேவமலர் கேட்டாள்.

இந்த ஆண்டு அதற்காகத்தான் கண்ணாடி.

ஆனால் அந்தத் தெருவில் யாரும் யார் வீட்டு மணியையும் அழுத்துவதில்லை. எல்லோரும் தாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டம் விற்கப்பட்ட பிறகு ஒன்றாகப் புறப்பட்டு வந்து குடியேறியவர்கள். கேட்டுக்கு வெளியே நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஜன்னல் வழியாகப் பதில் வரும். அப்படித்தான் திருவிழாக் கூழுக்கு அரிசி கேட்டு விஜயராணி வந்தாள். கோயில் தலைவர் பிச்சைமுத்துவின் மனைவி அவள். கேட்டில் நின்று கூப்பிட்டாள். தேவமலர் உள்ளே துணி மடித்துக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. அவள் நிமிரவில்லை. மடித்த துணியை எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டி உள்ளே போய்விட்டாள்.

அன்று கோயில் அடுப்படியில் விஜயராணி பொரிந்தாள்.

“தொண்டத் தண்ணி வத்தக் கூப்புட்டேன். ஏறெடுத்துப் பாக்கல. பொறந்த நாள்லேருந்து எனக்குத் தெரிஞ்ச புள்ள!”

“போன வருசம் ரதத்துக்கே கதவத் தெறக்கல,” என்றாள் அரிசி களைந்துகொண்டிருந்த குஞ்சம்மா. “வேற சாமி பக்கம் போயிட்டாங்களோ என்னமோ. அதான் நம்ம மேளம் காதுல விழக் கூடாதுன்னு கண்ணாடி மாட்டிட்டாங்க போல.”

விஜயராணி அதற்கு ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சில நேரம் ஒரு பொய் ஊரைச் சுற்ற அவ்வளவே போதும்.

பேச்சு பிச்சைமுத்துவின் காதுக்கு வந்தது. அவர் கேட்டதை வைத்து முடிவு கட்டுகிற மனிதர் இல்லை. சாயங்காலம் நேராக வந்து, கேட்டைத் திறந்து, கண்ணாடிக் கதவைக் கைவிரலால் தட்டினார். சுகுமாரன் திறந்தான்.

“தம்பி, தெருவுல என்னென்னமோ பேசுறாங்க. நா ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே? இந்த வருசம் ரதம் ஒன் வாசல்ல நிக்கணுமா, வேணாமா?”

சுகுமாரன் கதவை அவருக்குப் பின்னால் சாத்தினான். சாலையின் இரைச்சல் மறைந்தது. பிச்சைமுத்து திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் தரையில் உட்கார்ந்து வண்ணக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த திவ்யதர்ஷினியைப் பார்த்தார். அவள் கைகள் கட்டைகளின் மேல் இருந்தன. அவள் வளர்ந்த பிறகு அந்தக் காதுகளை அவர் பார்த்ததே அப்போதுதான்.

தேவமலர் மகளின் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். தழும்பைப் பார்த்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விஜயராணி வந்து கூப்பிட்டதை அவர் சொல்ல, அது தனக்குக் கேட்கவே இல்லை என்று தேவமலர் சொன்னபோது, புரிகிறது என்பதுபோல் தலையசைத்தார்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல புள்ள?”

“எப்படிச் சொல்றது மாமா? எம்புள்ளைக்கு நம்ம மேளம் ஆவாதுன்னு என் வாயால சொல்றதா?”

அவர் மறுபடியும் தழும்பைப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்து, “சரி விடு. ஒரே வழிதான். ஒன் வாசலுக்கு வரும்போது மேளத்த நிப்பாட்டிருவோம். தீபம் காட்டிட்டு, அடுத்த வீட்டுக்கிட்ட போயி ஆரம்பிச்சுக்கலாம்,” என்றார்.

நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. ஆனால் தேவமலரின் முகம் வெளுத்தது.

“அம்மன் வரும்போது எந்த வீட்டு முன்னால மாமா மேளத்த நிப்பாட்டுவோம்?”

பிச்சைமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. சாவு விழுந்த வீட்டைக் கடக்கும்போதுதான் மேளம் நிற்கும். தோட்டத்தில் இருந்த காலம் முதல் அதுதான் வழக்கம். அவரே எத்தனையோ முறை கையை உயர்த்தி நிறுத்தியிருக்கிறார்.

“எம்புள்ள உயிரோட இருக்கா மாமா. அவ பொழச்சதுக்குத்தான் இந்த வேண்டுதலே. மேளம் நிக்க வேணாம். முழுசா அடிச்சுக்கிட்டே வாங்க. அவ கண்ணாடிக்கு உள்ள நின்னு பாக்கட்டும். நா வெளிய வந்து குங்குமத்த வாங்கிட்டுப் போயி வச்சு விடுறேன்.”

“வேண்டுதல் அப்படி இல்லியே புள்ள.”

“பாதியாச்சும் நடக்கட்டும். மீதி அவளுக்குத் தெரியும்,” என்று மாரியம்மன் படத்தைக் காட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உறுமி மேளக் குழுவின் தலைவன் தினேஸ்வரன் மேளத்தோடு வந்து நின்றான். பகலில் தொழிற்சாலை வேலை, சாயங்காலம் மேளம் என்று இருக்கிற இளைஞன்.

“அக்கா, தலைவர் சொன்னாரு. ஆனா நம்ம மேளம் சும்மா இல்லக்கா, தாமானே ஆடும். இந்தக் கண்ணாடி தாங்குமான்னு இப்பவே பாத்துருவோமா? அன்னிக்குப் போயி தெரிஞ்சுக்க வேணாம்.”

கதவைச் சாத்தினார்கள். அவன் சாலையில் நின்று அடித்தான். எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது. உள்ளே அது எங்கோ பக்கத்து ஊரில் நடக்கும் கல்யாணம்போலத்தான் கேட்டது. திவ்யதர்ஷினியின் கைகள் பாதி தூரம் உயர்ந்து, நின்றன. அவள் எழுந்து போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள்.

அதைப் பார்த்த தினேஸ்வரன் அடிப்பதை விட்டுவிட்டு, வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்க மட்டும் தொடங்கினான். ஆழத்திலிருந்து வரும் அந்த உறுமல் கண்ணாடியில் மெல்லிய நடுக்கமாக வந்து சேர்ந்தது. பிள்ளை கன்னத்தைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டாள்.

“உறுமுறது அவளுக்குப் புடிச்சிருக்குக்கா. அடிதான் வலிக்குது போல,” என்றான் அவன் போகும்போது.

திருவிழா அன்று பொழுது சாய்கிற நேரத்தில் ரதம் தெருவுக்குள் வந்தது. ஒவ்வொரு வாசலிலும் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, தாம்பாளமும் குத்துவிளக்கும் வைத்திருந்தார்கள். சுகுமாரன் வீட்டு வாசலிலும் மேசை இருந்தது. அதைப் பார்த்ததும் கூட்டத்தில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஜயராணி யாரையும் பார்க்கவில்லை. கணவர் வந்து சொன்ன நாளிலிருந்து அவளுக்கு இந்த வாசலைக் கடப்பதே கஷ்டமாக இருந்தது.

மேளம் முழு வேகத்தில் வந்தது. தேவமலர் தாம்பாளத்தோடு வெளியே நின்றாள். சுகுமாரன் உள்ளே மகளின் பின்னால் நின்றான். கண்ணாடிக்குப் பின்னால் பச்சைப் பாவாடையில் பிள்ளை நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள். விளக்குகளுக்கு நடுவே வேப்பிலை மாலையோடு அம்மன் வருவதை அவள் பார்த்தாள். கைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

குருக்கள் தீபம் காட்டினார். தேங்காய் உடைந்தது. அப்போது திவ்யதர்ஷினி கதவின் பிடியை மேலே தூக்கினாள்.

சுகுமாரனின் கை நீள்வதற்குள் கதவு நகர்ந்துவிட்டது. மேளம் முழுவதும் அந்தத் திறப்பில் பாய்ந்தது. பிள்ளையின் கைகள் காதுகளுக்குப் பறந்தன, முகம் கோணியது. பிச்சைமுத்து தன்னை அறியாமல் கையை உயர்த்தினார்.

“நிப்பாட்டாதீங்க!” என்று தேவமலர் கதறினாள்.

தினேஸ்வரன் நிறுத்தவில்லை. அடிக்கும் குச்சியை மட்டும் நழுவ விட்டான். வளைந்த குச்சி தோலை மெல்லத் தேய்த்தது. குழுவினர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விரல் நுனிகளால் தாளத்தைத் தொட்டார்கள். தாளம் அறுபடவில்லை, ஒரு பெரிய உயிர் தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல் அடங்கி ஒலித்தது. குருக்கள் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டார். தெருவில் ஒருவரும் பேசவில்லை.

பிள்ளை உள்ளே ஓடவில்லை. நிலைப்படியில் நின்றாள். ஒரு கை காதிலிருந்து சற்று விலகியது.

தேவமலரால் அசைய முடியவில்லை. ரதத்துக்குப் பக்கத்தில் நின்ற விஜயராணிதான் குருக்களிடம் குங்குமத்தை வாங்கினாள். இரண்டு கைகளிலும் இருந்த கண்ணாடி வளையல்களை, ஒன்றோடு ஒன்று உரசாதபடி, முழங்கை வரை ஏற்றி இறுக்கிக்கொண்டாள். செருப்பில்லாத காலோடு, அடி வைப்பது தெரியாமல் நடந்து போய், குழந்தையின் முன் குனிந்தாள். நெற்றியில் வைத்தாள்.

திவ்யதர்ஷினி அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலாக அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் என்று தோன்றியதும், தானே கதவை இழுத்துச் சாத்தினாள். சாத்திய பிறகும் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

தினேஸ்வரன் குனிந்து குச்சியை எடுத்தான். மேளம் எழுந்தது. முன்னைவிடப் பலமாக எழுந்ததாகத்தான் பலர் பிறகு சொன்னார்கள்.

சத்தத்தை வெளியே நிறுத்த விரல் அகல இடைவெளி போதுமாக இருக்கிறது. மனிதருக்குள்ளும் அவ்வளவு இடம் இருந்தால் போதும், ஒருவர் வலி இன்னொருவருக்குப் புரிந்துவிடும். அன்று அந்தத் தெருவுக்கு அம்மன் அதைக் கொடுத்தாள்.

மறுநாள் காலை விஜயராணி ஒரு பாத்திரத்தில் கூழ் கொண்டு வந்தாள். கேட்டில் நின்று கூப்பிடவில்லை. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, முந்தானையை உயர்த்தி ஆட்டினாள். தேவமலர் அடுப்படியில் இருந்தாள், பார்க்கவில்லை. விஜயராணி போய்விடாமல், வெயிலில் ஆட்டிக்கொண்டே நின்றாள்.

கூடத்தில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த திவ்யதர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். கட்டையைக் கீழே வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய், அம்மாவின் உடையைப் பிடித்து வாசல் பக்கமாக இழுத்தாள்.