மூன்றாவது தோட்டா

மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கிருபாவதியின் கைத்துப்பாக்கி சிக்க ஆரம்பித்தது. கணபதி பகுதியில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை அவள், வயது நாற்பத்தொன்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே சுடுதளத்துக்குப் போய்விடுவாள். அந்த பாயின்ட் டூ டூ துப்பாக்கி கிளப்புக்குச் சொந்தமானதுதான். ஆனால் ஆறு வருடமாக அவள்தான் அதை எடுத்துச் சுட்டுவந்தாள்.

ஐந்து தோட்டா நிரப்பினால் இரண்டு ஒழுங்காகப் போகும். மூன்றாவது, தோட்டாக்களை அடுக்கும் மேகசினிலிருந்து பாதி வெளியே வந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு குழலின் விளிம்பில் முட்டி நின்றுவிடும்.

கிளப்பின் துப்பாக்கிகளைப் பராமரித்தவர் மருதாசலம். மேகசினைக் கழற்றி, உள்ளே மெழுகும் கரியுமாக அப்பியிருந்ததைத் துடைத்தார். புது ஸ்பிரிங் போட்டார். ஒரு தோட்டாவின் பின்விளிம்பு அடுத்ததில் மாட்டாதபடி ஒவ்வொன்றாக அடுக்கினார். வேறு பெட்டித் தோட்டாக்களையும் கொடுத்துப் பார்த்தார். அவள் சுட்டால் சிக்கியது. கடைசியில் அவரே வாங்கிச் சுட்டார். ஐம்பது தோட்டா. ஒன்றுகூடச் சிக்கவில்லை.

“ஏனுங்க டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. சுடறப்ப உங்க மணிக்கட்டு தொவளுதுங்க. கை கெட்டியா நின்னாத்தானுங்க மேல நகர்ற ஸ்லைடு முழுசாப் பின்னால போயி அடுத்த தோட்டாவ எடுக்கும்.”

பக்கத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஆறு வருசமா நின்ன கை இப்ப மட்டும் நிக்கலையா? மேகசினக் கீழ போட்டு வாய வளைச்சுப்போட்டு, எங்கையக் கொற சொல்றீங்களா?”

“நான் போடலீங்க” என்றார் மருதாசலம்.

போட்டியில் மூன்று முறை சிக்கியது. முதல் தடவை திரும்பச் சுட விட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் மதிப்பெண் போனது. கடைசி இடம். அன்று சாயங்காலமே, மருதாசலத்தின் அஜாக்கிரதையால் மேகசின் கெட்டுவிட்டது என்று செயலாளருக்குப் புகார் எழுதினாள். பதினாலு வருடம் அங்கே வேலை பார்த்தவரை ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

புது மேகசின் வந்தது. அதுவும் சிக்கியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சுடுதளத்துக்குப் போவதையே நிறுத்திக்கொண்டாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை டிபன் பாக்ஸ் மூடியை அவளால் திறக்க முடியவில்லை. அடுத்த வாரம் வீட்டுப் பூட்டில் சாவி திரும்பவில்லை. கணவன் பிரகாசம் சாவியை வாங்கித் திறந்துவிட்டு, அவள் வலக்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

“இதென்ன கிருபா, கட்டவெரலுக்குப் பக்கத்துல இப்புடிக் குழி உழுந்து கெடக்குது?”

ஆஸ்பத்திரியில் நரம்பில் லேசாக மின்சாரம் வைத்தும் தசையில் ஊசி குத்தியும் பார்த்தார்கள். தசையை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன, கையோடு நிற்காது, குணப்படுத்த மருந்து இல்லை என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். பிரகாசம் அதையே வேறு வேறு விதமாகத் திரும்பத் திரும்பக் கேட்டான். கிருபாவதிக்கு மருதாசலம் ஐம்பது தோட்டாவையும் சுட்டுவிட்டுத் திரும்பி நின்ற முகம்தான் ஞாபகத்தில் இருந்தது.

மருதாசலம் காங்கேயத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் மில்லில் வாட்ச்மேனாக இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, தனியாகவே பஸ் ஏறினாள். மில் வாசலில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவர் அவளைக் கண்டதும் எழுந்தார்.

“மேகசின் நல்லாத்தான் இருந்துச்சுங்கண்ணா. எங்கைதான் போயிருச்சு” என்று ஆரம்பித்து, நோயைப் பற்றிச் சொல்லி முடித்தாள்.

மருதாசலம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு அப்பவே சந்தேகமுங்க. தோட்டா நெரப்பறப்பவே உங்க கட்டவெரலு அமுத்தமாட்டாம நடுங்குச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாருங்கன்னு சொல்லியிருக்கோணும். அத்தன பேரு முன்னால நீங்க சத்தம் போட்டதும் எனக்கும் ரோசம் வந்துபோச்சு. சொல்லாம உட்டுப்போட்டேன்.”

“அப்பவே போயிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கண்ணா.”

அப்படி ஒரு கேள்வியை அவள் டாக்டரிடம் கேட்டதே இல்லை.

புகார் பொய், தவறு தன்னுடையது என்று கிளப்புக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக் காட்டினாள். அவர் நின்றபடியே முழுவதும் படித்தார்.

“குடுக்கறதுன்னாக் குடுங்க. ஆனா நான் திரும்பி வர மாட்டனுங்க. பதினாலு வருசம் கூடவே இருந்தவங்க. ஒருத்தராச்சும் போனப் போட்டு, என்ன நடந்துச்சுன்னு கேக்கலீங்களே.”

கொப்பரை லாரி ஒன்று வந்து நின்று ஹார்ன் அடித்தது. அவர் கடிதத்தை மடித்து அவளிடம் கொடுத்துவிட்டு, “பாத்துப் போங்க அம்மணி” என்று சொல்லிக் கேட்டைத் திறக்கப் போனார். உள்ளே போன லாரியின் பின்னாலேயே அவரும் போய்விட்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிருபாவதி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை கிளப் அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்தாள். செயலாளர் படித்துவிட்டு, பழைய புகாரை ஃபைலிலிருந்து உருவி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“கையெழுத்து ஒத்துப் போகலையே. இது நீங்க போட்டதுதானுங்களா டீச்சர்?”

“நான் போட்டதுதானுங்க” என்றாள் கிருபாவதி.