இரண்டு செவ்வரளி

மல்லாங்கிணற்றுப் பஞ்சம்மாள் எதையும் அளந்து பாராமல் செய்தவள் அல்லள். ஒரே மகள் அழகுமீனாவுக்கு மாப்பிள்ளை தேடியபோதும் அவ்வாறே அளந்தாள். சாதகத்தை வெவ்வேறு ஊர்ச் சோதிடர்களிடம் காட்டினாள். பையனுடைய நிலத்தை வரப்போடு நடந்து பார்த்தாள். கிணற்றில் கல்லை எறிந்து தண்ணீரின் ஆழத்தைக் கேட்டாள். குறையொன்றும் தென்படவில்லை. திருமணம் முடிந்து ஓராண்டு நிறைவதற்குள் அந்த மாப்பிள்ளை மஞ்சள்காமாலையில் இறந்துபோனான்.

இப்போது மீண்டும் ஒருவர் பெண் கேட்டிருந்தார். சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் வேலை பார்க்கும் காசிராஜன். அவரும் மனைவியை இழந்தவர். அழகுமீனாவுக்கு இதில் விருப்பம். தந்தை சோலைச்சாமிக்கும் விருப்பம். பஞ்சம்மாள் மட்டும் அசையவில்லை. மகள் தன் கண்ணெதிரே இருந்தால் அவளுக்கு இனியொரு துயரம் வாராது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

“பொரட்டாசி பொறந்தா நான் புழுதியில வெதச்சிட்டு வாறேன். மழை எங்கிட்டச் சொல்லிட்டா வருது?” என்றார் சோலைச்சாமி.

“வெதை முளைக்காட்டி மறுவெதை வாங்கலாம். மகளை வாங்க முடியுமாங்க?”

அழகுமீனாதான் வழி சொன்னாள்.

“காளியம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாப்போம்மா. வெள்ளை வந்தா நீங்க தடுக்கக் கூடாது. செவப்பு வந்தா இந்தப் பேச்சை நான் சாகிற வரைக்கும் எடுக்க மாட்டேன்.”

பஞ்சம்மாள் உடனே இசைந்தாள். அவ்வளவு விரைவாக அவள் எதற்கும் இசைந்ததில்லை என்பதை மற்ற இருவரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கொல்லைப்புறத்தில் அமர்ந்து அவளே பொட்டலங்களைக் கட்டினாள். வாழையிலைக் கிழிசல் ஒன்றில் செவ்வரளியை வைத்து மடித்து நாரால் முடிந்தாள். மற்றொரு கிழிசலிலும் செவ்வரளியையே வைத்தாள். வெள்ளரளி கூடையிலேயே கிடந்தது. பெற்றவள் அறியாததையா அம்மன் அறிந்துவிடப் போகிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகு நாரை இன்னும் இறுக்கினாள்.

ஆமத்தூருக்குச் சாலை பிரியும் விலக்கில், சாலையோரத்திலேயே இருக்கிறது அந்தக் கோயில். இவர்களுக்கு முன்பே விஸ்வநத்தத்திலிருந்து அய்யம்மாள் என்பவள் வந்து தன் பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்திருந்தாள். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்பவள். திருப்பூரில் இருக்கும் தம்பியிடம் குடும்பத்தோடு போய்விடலாமா என்று கேட்க வந்தவள். பஸ் வருகிறதா என்று பார்க்க அவள் வெளியே போயிருந்த நேரத்தில், பூசாரி சோணைமுத்து பஞ்சம்மாளின் பொட்டலங்களையும் வாங்கிக் காலடியில் வைத்தார். அம்மனின் பழைய மாலையைக் கழற்றி, காலடியை ஒதுக்கிச் சுத்தம் செய்து, சூடம் காட்டினார்.

“தாயே, ஒன் வாக்கு,” என்று சொல்லி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

அழகுமீனா இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சோலைச்சாமி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பஞ்சம்மாள் மட்டும் பிரித்த இலையையே பார்த்தாள். தான் வைக்காத பூ அம்மன் காலடியில் எவ்வாறு வந்தது? தூணைப் பிடித்தபடி நின்றாள்.

அந்நேரம் அய்யம்மாள் திரும்பி வந்தாள். “சாமி, என்னோடதை எடுங்க. அடுத்த பஸ்ஸை விட்டா மத்தியானம்தான்.”

சோணைமுத்து குனிந்தார், நிமிர்ந்தார். “மாலையை ஒதுக்கையில எல்லாம் கலந்துபோச்சே தாயி. எது யாரோடதுன்னு தெரியல.”

“முதல்ல உம்ம கண்ணாடியை மாத்தும் சாமி. அம்மன் மூக்குத்தியாச்சும் தெரியுதா?”

“வாயைக் கொறச்சுப் புதுசாக் கட்டு. ஏம்மா, நீங்களும் மறுபடியும் கட்டுங்க. முன்ன எடுத்தது செல்லாது.”

பஞ்சம்மாளுக்கு இப்போது விளங்கியது. அந்த வெள்ளை அய்யம்மாளுடையது. தூணை விட்டாள். மறுபடியும் கட்டலாம், கையோடு கொண்டுவந்த கூடையில் செவ்வரளி நிறையக் கிடக்கிறது, கேட்பார் எவரும் இல்லை.

அய்யம்மாள் அங்கேயே அமர்ந்து, எல்லோரும் பார்க்கும்படி ஒரு வெள்ளையையும் ஒரு சிவப்பையும் கட்டிக் கொடுத்தாள். பூசாரி எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

அவள் முகம் வாடியதை எல்லோரும் பார்த்தனர். அம்மனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி, விடு. பெட்டியெல்லாம் கட்டி வச்சிருக்கேன், அவிழ்க்கணும். அவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிறப் போகுது?”

காலையில் கொல்லைப்புறத்தில் தான் சொல்லிக்கொண்ட அதே சொற்கள் தலைகீழாகத் திரும்பி வந்ததைப் பஞ்சம்மாள் கேட்டாள்.

“நீங்க கட்டுங்கம்மா,” என்றார் பூசாரி.

பஞ்சம்மாள் கூடையைத் தொடவில்லை. அம்மன் காலடியில் முன்பு கலந்துபோன பொட்டலங்களை எடுத்து, மகளுக்கு முன்பாக ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சிவப்பு. சிவப்பு. அடுத்ததும் சிவப்பு.

“இதுல ரெண்டு என்னோடது. நான் வெள்ளையே வைக்கல மீனா.”

சோலைச்சாமி மனைவியை முதன்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

“அப்ப நான் வச்ச வெள்ளையையா ஒங்களுக்கு எடுத்துக் குடுத்தா?” என்றாள் அய்யம்மாள். “நல்லாருக்கே கதை!”

அழகுமீனாவின் கண்கள் நிறைந்தன. கோபமா, துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. “மறுபடியும் கட்டணுமாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

“வேண்டாம். நான் கேக்காமலே அம்மன் சொல்லிட்டா. நான் செவப்பை மட்டும் வச்சிட்டு அவளை வாயை மூடச் சொன்னேன். அவ அடுத்தவ பொட்டலத்துல இருந்து எடுத்துச் சொல்லிட்டா. இதுக்கு மேலயும் நான் கட்டுனா அது கேள்வி இல்ல, அடம்.” பிரித்த இலைகளை ஒன்றாக மடித்தாள். “போன தடவை எல்லாத்தையும் பாத்துப் பாத்துத்தான் செஞ்சேன் மீனா. என்னத்தைக் கண்டேன்? இந்தத் தடவை அவ பாத்துக்கிடட்டும்.”

“பூசாரிக்குக் கண்ணு தெரியாததுக்கு இம்புட்டு அர்த்தமா?” என்றார் சோலைச்சாமி மெதுவாக.

“அவருக்குத் தெரியலைங்க. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.”

சாலைக்கு எதிர்ப்புறம் டெலிபோன் பூத் ஒன்று இருந்தது. அச்சாபீஸ் நம்பர் அழகுமீனாவுக்கு மனப்பாடமாக இருந்தது. அதையும் பஞ்சம்மாள் இன்றுதான் அறிந்தாள். மகள் எண்களை அழுத்தும்போது அருகில் நின்றாள். மணி ஒலித்தது. பொறுக்கமுடியாமல் மகளின் முழங்கையைத் தொட்டாள்.

“எதுக்கும் அவுக கிணத்துல தண்ணி எம்புட்டுக் கெடக்குன்னு ஒரு வார்த்தை...”

“அவுகளுக்குக் கிணறே கெடையாதும்மா,” என்றாள் அழகுமீனா. கண்ணீரைத் துடைக்காமலே சிரித்தாள்.

அப்போது மறுமுனையில் யாரோ போனை எடுத்தார்கள். பஞ்சம்மாள் கையை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றாள்.