வரிக்கடைக் கழுகு

என் கார் அர்லோவின் பட்டறையில் கிடந்தது. போன கியர்பாக்ஸை மாற்றிவிட்டான்; கொடுக்கத்தான் என்னிடம் காசில்லை. "பிப்ரவரி கடைசி வரைக்கும் வச்சிருக்கேன் ரொவீனா. அதுக்கப்புறம் வித்துருவேன். அப்ப வந்து மூஞ்சியத் தூக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டான். டேட்டன் நகரத்துக்கு வெளியே நான் பெட்டி கட்டும் கிடங்குக்குப் பேருந்து கிடையாது. கூட வேலை செய்யும் மார்வா தன் வண்டியில் ஏற்றிப் போகிறாள். அவளும் மார்ச் பிறந்தால் மகனோடு இருக்கக் கிளம்பிவிடுவாள். கார் வராவிட்டால் வேலை போகும். வேலை போனால் நானும் என் மகள் டெஸ்ஸாவும் என்ன செய்வது?

நம்பியிருந்தது வரிப் பணத்தைத்தான். எங்களைப் போன்ற கூலிக்காரர்களுக்கு, வீட்டில் பிள்ளை இருந்தால், வருஷத்துக்கு ஒரு தடவை அரசாங்கம் சுளையாகத் திருப்பித் தரும். எங்கள் தெருவில் புது மெத்தை வாங்குவது, பல் பிடுங்குவது, கார் சரிபார்ப்பது எல்லாம் அந்தப் பணம் வந்த பிறகுதான். ஆனால் கணக்கை ஒழுங்காக எழுதி அனுப்ப வேண்டுமே!

முதலில் கைபேசிச் செயலி ஒன்றில் முயன்றேன். 'இலவசம், இலவசம்' என்று கூவியது. பேர், ஊர், சம்பளம் எல்லாம் வாங்கிக்கொண்டது. பிள்ளை இருக்கிறதா என்று கேட்டது. இருக்கிறது என்றேன். உடனே காசு கேட்டது. பிள்ளை இல்லாவிட்டால் நான் ஏன் இந்தப் பாடு படுகிறேன்? அடப் போங்கடா என்று அணைத்துவிட்டேன்.

அடுத்து, டெஸ்ஸாவையும் இழுத்துக்கொண்டு பெரிய சாலையில் காசுக்குக் கணக்கு எழுதித் தரும் வரிக்கடைக்குப் போனேன். வாசலில் ஓர் ஆள் பஞ்சு அடைத்த கழுகு வேஷத்தில், பலகையைச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்தான். 'இன்றே பணம்' என்றது பலகை. உள்ளே பிரியானா என்று ஒரு பெண், வாயெல்லாம் பல்.

"எவ்வளவு ஆகும்?"

"கையில இருந்து ஒண்ணும் குடுக்க வேணாம் மேடம். வர்ற பணத்துல கழிச்சுக்குவோம்."

"கழிக்கிறது எவ்வளவுன்னு கேட்டேன்."

"முந்நூத்தி எண்பது டாலர். இன்னிக்கே முன்பணம் வேணும்னா அது தனி."

"ஒரே ஒரு சம்பளச் சீட்டு, ஒரே ஒரு பிள்ளை. இதுக்கு முந்நூத்தி எண்பதா? என்ன, தங்கப் பேனாவுலயா எழுதுவீங்க?"

பொய் சொல்வானேன், பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டால் சாயங்காலமே கார் வீட்டில் நிற்கும். ஆனால் முந்நூற்று எண்பது என்பது எனக்கு ஒரு வாரச் சம்பளம். மனசு ஒப்பவில்லை. பேனாவைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"நூலகத்துல ஓசியாவே எழுதித் தர்றாங்க! பதினாலாம் தேதி வரச் சொல்லிருக்காங்க. உங்களுக்கு அழ நான் என்ன இளிச்சவாயா?"

கழுகு ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தது. டெஸ்ஸா கையாட்டினாள். அதுவும் இறக்கையை ஆட்டியது.

"அம்மா, அது எனக்கு மட்டும் ரொம்ப நேரம் ஆட்டுச்சு."

"காசுக்கு ஆடுது கண்ணு. எல்லாருக்கும் ஆட்டும். பஸ் வருது, வா."

பதினாலாம் தேதி நூலகத்தில் திருமதி ஹால்வர்சன் எழுதித் தந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சம்பளமில்லாமல் இதைச் செய்கிறவர். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தார். கணினியில் அனுப்பிவிட்டு, "பணம் மாசக் கடைசிக்குள்ள வந்துரும்மா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே வந்து டெஸ்ஸாவுக்கு ஒரு சர்க்கரை டோனட் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் கிடங்கில் இருந்தபோது அவரே கூப்பிட்டார்.

"அம்மாடி, வரி ஆபீஸ்ல கணக்கைத் திருப்பி அனுப்பிட்டாங்க. டெஸ்ஸாவை வேற யாரோ தன் கணக்குல பிள்ளைன்னு காட்டி, உங்களுக்கு முன்னாடியே அனுப்பிட்டாங்க."

"என் பிள்ளையையா? யாரு?"

"அதைச் சொல்ல மாட்டாங்க. காகிதத்துல எழுதி, பிள்ளை உங்ககூடதான் இருக்கான்னு பள்ளிக்கூடத்துல கடுதாசி வாங்கி வச்சு, தபால்ல அனுப்புவோம். கடைசியில ஜெயிக்கிறது நீங்கதான். ஆனா மாசக்கணக்குல ஆகும்."

மாசக்கணக்கு! அர்லோ மாசக்கணக்காகக் காத்திருப்பானா?

பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டி எத்தனை பேர் இப்படி முந்திக்கொண்டு ஓடியதை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன்! முதலில் அனுப்பியவருக்கே பிள்ளை என்பார்கள். அடுத்த வீட்டுச் சண்டையைப் பார்த்துச் சிரித்தவளுக்குத் தன் வீட்டு நினைப்பு வரவில்லை. டெஸ்ஸாவின் அப்பன் வெஸ்லி கென்டக்கி மாநிலத்தில் எங்கேயோ இருப்பதாகத்தான் கேள்வி. அவனைக் கூப்பிட்டேன். "வேலையில இருக்கேன் ரோ" என்றான். அவனுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல்: "உள்ள வாங்க, இன்னிக்கே பணம், உள்ள வாங்க." பிரியானாவின் குரல்.

வேலையைப் பாதியில் விட்டு மார்வாவைக் கெஞ்சி அங்கே போய் இறங்கினேன். கழுகு பலகையைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

"அந்தத் தலையக் கழட்டுடா."

"கழட்டினா மேனேஜர் வேலைய விட்டுத் தூக்கிருவான் ரோ. ஆடிக்கிட்டே பேசுறேன்."

"டெஸ்ஸா உன்கூடவா இருக்கா? போன வருஷம் ஒரே ஒரு ராத்திரியாவது உன்கூட இருந்தாளா?"

"இல்ல."

"அப்புறம் எந்த வாயால என் பிள்ளைன்னு எழுதின?"

"வாடகை பாக்கின்னு மோட்டல்காரன் சாமானைத் தூக்கி வெளியில போடுறேன்னுட்டான். நீ பதினாலாம் தேதின்னு கத்தினேல்ல, கேட்டுச்சு. ஒரே ஒரு வருஷந்தானேன்னு..." பலகை சுழன்றுகொண்டே இருந்தது. ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். அவனுக்கும் இறக்கையை ஆட்டினான் பாவி.

"அவளுக்குக் கையாட்டினியே. அப்பவே நெனச்சுட்டியா?"

பலகை நின்றது. "அப்ப இல்ல. நீங்க பஸ் ஏறினப்புறம்."

"பணம்?"

"முன்பணமா வாங்கினேன். செலவாயிருச்சு."

"இவங்களுக்கு எவ்வளவு அழுத? முந்நூத்தி எண்பதா?"

அவன் பலகையைத் தரையில் ஊன்றினான். "இங்க வேலை செய்றவங்களுக்கு ஓசி ரோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே நடைபாதையில் உட்கார்ந்தேன். பிறகு வாய்விட்டு அழுதேன். கார்கள் போய்க்கொண்டிருந்தன. மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றதும், அவன் மறுபடி ஆட ஆரம்பித்தான்.

அர்லோ சொன்ன நாளில் காரை விற்றான். மார்வா போனாள், பின்னாலேயே கிடங்கு வேலையும் போனது. காகிதக் கணக்கு எந்த மேசையில் எந்த மூட்டைக்கு அடியில் கிடக்கிறதோ. வெஸ்லி சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். வரிக்கடைக்கு ஒரு கழுகு தேவைப்பட்டது. தினக்கூலி, பேருந்தும் வாசலில் நிற்கும். நான் போய் நின்றேன்.

"இளிச்சவாய் இல்லன்னீங்களே மேடம்?" என்றாள் பிரியானா.

"தலையக் குடுடி" என்றேன். தலைக்குள்ளே வெஸ்லியின் சிகரெட் நாற்றம்.

நேற்று ஒரு சின்னப் பெண், இடுப்பில் குழந்தையோடு, வாசல் வரை வந்து தயங்கி நின்றாள்.

"உள்ள எவ்வளவு ஆகும்?"

"குழந்தையோட அப்பன் எங்க?"

"யாருக்குத் தெரியும்?"

பலகையைச் சுழற்றிக்கொண்டே அவள் பக்கம் நகர்ந்தேன். "ரெண்டு தெரு தள்ளி நூலகம். அங்க ஓசியாவே எழுதுவாங்க. ஆனா தேதி குடுத்தா வாங்கிட்டு வீட்டுக்குப் போயிராத. இன்னிக்கே எழுதினாத்தான் நகருவேன்னு வாசல்லயே உக்காரு. நீ எங்க போற, எப்ப போறன்னு ஒருத்தர்கிட்டயும் வாயத் திறக்காத."

"உங்ககிட்டயுமா?" என்று சிரித்தாள்.

"என்கிட்டயுந்தான். ஓடு."

குழந்தையை இறுக்கிக்கொண்டு ஓடினாள். குழந்தை அவள் தோளுக்கு மேலாக என்னையே பார்த்தது. அதற்குக் கையாட்ட எனக்கு மனம் வரவில்லை.