ஊதாக்கரை வேட்டி

பள்ளத்தூர் காசிக்கு இது ஐந்தாவது கட்சி. எது ஜெயிக்கப் போகிறதோ அதன் கரை வேட்டி, தேர்தலுக்கு முன்பே அவர் இடுப்பில் ஏறிவிடும். அப்படித்தான் எம்.எல்.ஏ. ஆனார், ஒருமுறை மந்திரியும் ஆனார். கண்மாயைத் தூர் வாரிய மகராசன் என்று பாதி ஊர் கும்பிடும். வாரிய மண்ணையே விற்றுத் தின்றவர் என்று மீதி ஊர் வையும். இரண்டுமே கொஞ்சம் நிஜம் என்பது அவர் மனைவி விசாலியின் எண்ணம்.

அவரை வைவதில் பேர் வாங்கியவர் புதுவயல் அரிசி ஆலைக்காரர் சத்தியமூர்த்தி, ஊதாக்கரைக் கட்சியின் பேச்சாளர். மைக்கைப் பிடித்தால் காசியின் ஜாதகத்தையே பிரித்துக் காயப்போடுவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். விசாலியும் மாடி ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டிருக்கிறாள்.

காலக்கொடுமை, அந்த மனிதரின் மகனைத்தான் இவர்கள் மகள் சிவரஞ்சனி விரும்பினாள். இரண்டு அப்பாக்களையும் சம்மதிக்க வைப்பதற்குள் விசாலிக்குப் பாதி உயிர் போய்விட்டது. இன்று பேசி முடிக்கும் நாள்.

வீட்டின் உள்முற்றமான வளவில் ஜமுக்காளம் விரித்து, கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் பரிமாறியாயிற்று. அந்த நேரம் பார்த்துக் காசி உள்ளே போய், ஒரு புத்தம்புது ஊதாக்கரை வேட்டியோடு வந்தார்.

"சம்பந்தி, ஒங்களுக்காக ஒரு முடிவு எடுத்திருக்கேன். நாளைக்கு ஒங்க கட்சியில சேரப் போறேன்!"

சத்தியமூர்த்தி வாயில் போட்ட பணியாரத்தை மெல்லவே இல்லை.

"வேணாங்க."

"சந்தோசப்படுவீகன்னுல்ல நெனச்சேன்!"

"என்னத்தச் சந்தோசப்பட? நீங்க வந்துட்டா நான் மேடையில யாரைத் திட்ட? இந்தத் தடவ சீட்டு எனக்குன்னு சொல்லியிருக்காக. அதுவும் போச்சு." துண்டை உதறித் தோளில் போட்டார். "நீங்க அங்குட்டே இருந்தாத்தான் சம்பந்தம். இங்குட்டு வந்தீகன்னா நான் கெளம்புறேன்."

விசாலி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயிக்கிற பக்கம் போகாமல் இந்த மனிதர் ஒரு தேர்தலிலும் இருந்ததில்லையே.

"அப்பச்சி..." என்று அப்பாவைக் கூப்பிட்டாள் கதவோரம் நின்ற சிவரஞ்சனி.

காசி மகளைப் பார்த்தார். கையிலிருந்த வேட்டியைப் பார்த்தார். "இப்ப இருக்குற கட்சியில நிக்க ஆளே இல்ல. என்னையத்தான் நிப்பாட்டுவாக. டெபாசிட் போயிரும்."

"போகட்டும்" என்றாள் விசாலி. கல்யாணமான நாளிலிருந்து அவர் அரசியலில் அவள் வாய்திறந்தது அன்றுதான்.

காசி பெருமூச்சு விட்டார். "சரி, இருந்து தொலைக்கிறேன்."

விசாலி அந்த வேட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்துச் சம்பந்தியிடம் நீட்டினாள். "புதுசுங்க, இன்னும் கட்டல. மனுத் தாக்கலுக்குப் போறப்ப நீங்க கட்டிக்கங்க."

சத்தியமூர்த்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகமெல்லாம் பல். "அப்ப மேடையில திட்டலாம்ல, சம்பந்தி?"

"தாராளமாத் திட்டுங்க. ஆனா கட்சி மாறுறவன்னு மட்டும் இனிமே சொல்லப்படாது."

கூட்டத்தில் அதிகம் கைதட்டல் விழும் இடமே அதுதான். சத்தியமூர்த்தி தட்டிலிருந்த வேட்டியைப் பார்த்தார், சிவரஞ்சனியைப் பார்த்தார். பிறகு, சொத்தில் பாதியை எழுதிக் கொடுப்பவர்போல, மெதுவாகத் தலையாட்டினார்.