நடந்துபோன சாப்பாட்டு மேசை

1

எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மேசை, ஆங்கிலம் பேசிக்கொண்டே கூடத்தைக் கடந்து தோட்டம் வரை நடந்துபோனது. அதை அப்படிப் பேச வைத்தவர் டீச்சர்.

நம்ப வேண்டாம். என் கணவரே நம்பவில்லை. இத்தனைக்கும் அந்த எட்டுப் பேரில் அவரும் ஒருவர்.

இந்தக் கதை பிறந்தது நேற்றுக் காலை, பூங்காவில். நடைப்பயிற்சிக் கூட்டத்துக்கு நான் மேசை நடந்த விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் சிரித்துவிட்டு, "நெஜமாவா சார்?" என்று இவர் பக்கம் திரும்பினார்கள். இவர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, "மேசை கொஞ்சம் ஆடுச்சு. அவ்வளவுதான்" என்றார்.

அந்த 'அவ்வளவுதான்' மீது எனக்கு வந்த கோபம்தான் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது.

(டீச்சர் யார் என்று கேட்காதீர்கள். நான்தான். 'நான்' என்று எழுதினால் அடக்கம் வந்து தொலைக்கிறது. 'டீச்சர்' என்றால் கை தாராளமாக ஓடுகிறது.)

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

"பணி ஓய்வுக்குப் பிறகு உலகைக் காணும் ஆவலில்…" — வேண்டாம், பயணக் கட்டுரை வாடை.

"விமானம் தரையைத் தொட்டபோது டீச்சரின் மனம்…" — மனம் ஒன்றும் செய்யவில்லை. காது அடைத்திருந்தது.

நேராக வீட்டுக்குள் போய்விடலாம். டீச்சருக்கு ஒரு வெளிநாட்டு ஊரில் ஒரு வருடம் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கும் வேலை. தங்குவதற்கு ஒரு குடும்பம் மாடியறை கொடுத்தது. பதிலுக்கு டீச்சர் அந்த வீட்டுக்காரருக்குத் தனியாக ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும். கணவர் இலவச இணைப்பு.

வீட்டுக்காரருக்கு, குடிமாறுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கும் தொழில். டீச்சர் அவருக்கு வைத்த பெயர் பீரோ.* அவர் மனைவியை டீச்சர் முதல் நாளே அண்ணி ஆக்கிக்கொண்டார்.

* உயரம், அகலம், வாய் திறக்கச் சாவி தேவைப்படுவது என மூன்று பொருத்தம். கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைவார். ("பொய். நேராத்தான் வருவார்" — கணவர், என் தோளுக்குப் பின்னாலிருந்து.)

(இன்னொன்று. இந்தக் கதையில் எல்லோரும் தமிழில்தான் பேசுவார்கள். அவர்கள் பேசியது என்னவோ அவர்கள் மொழியும் ஆங்கிலமும்தான். பேனா என் கையில் இருக்கிறது, நான் என்ன செய்ய?)

மாடியறையில் சாய்ந்த கூரை. கணவர் தினமும் அதில் தலையை இடித்துக்கொண்டு, தினமும் ஆச்சரியப்பட்டார். இவர்களுக்காக அலமாரியில் பாதி, குளியலறையில் இரண்டு கொக்கி, வாசலில் செருப்புக்கு ஒரு மூலை எல்லாம் ஒழித்து வைத்திருந்தார்கள். குறை ஒன்றுதான். மரியாதை தாங்க முடியவில்லை. இவர்களுக்குக் கூடத்தில், பெரிய மேசையில், பூப்போட்ட தட்டில் சாப்பாடு. அந்தக் குடும்பமோ சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சாப்பிட்டது. சிரிப்புச் சத்தம் கதவைத் தாண்டி வந்தது. தட்டைக் கழுவ டீச்சர் எழுந்தால் அண்ணி பறந்துவந்து பிடுங்கிக்கொள்வார். "ஐயையோ, நீங்க விருந்தாளி!"

"நல்லதுதானே" என்றார் கணவர்.

"என்ன நல்லது? உள்ள அவ்வளவு சிரிக்கிறாங்க. எதுக்குன்னே தெரியலை. எனக்கு வயித்தெரிச்சலா இருக்குங்க."

3

பீரோவுக்கு ஆங்கிலம் எதற்கு? மகளை ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். சம்பந்தி பல் டாக்டர். போன தடவை அவர்கள் விருந்துக்கு வந்தபோது பீரோ கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது சம்பந்தியம்மா மகளிடம் கேட்டாராம்: "உங்கப்பாவுக்கு எங்களைப் பிடிக்கலையாம்மா?"

மகள் போனில் சொல்லி அழுதிருக்கிறாள். மறுபடி வரப்போகிறார்கள். இந்தத் தடவையும் வாய் திறக்கவில்லை என்றால் அவர்கள் அதையே நம்பிவிடுவார்கள்.

ஆனால் பாடம்? பீரோ நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்து, வியர்த்தார். டீச்சர் கேட்ட எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முப்பத்தைந்து வருட சர்வீஸில் டீச்சர் எத்தனையோ ஊமைக்கோட்டான்களைப் பார்த்திருக்கிறார், ஆனால் இப்படி ஒரு… (இந்த வாக்கியம் பீரோவைப் புண்படுத்தும். இங்கேயே நிற்கட்டும்.)

ஒருநாள் மதியம், மாடியறை ஜன்னல் வெளிச்சத்தை மறைத்த அலமாரியை நகர்த்தித் தரச் சொன்னார் டீச்சர். பீரோ அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். அடுத்த நொடி, ஆங்கிலம்! "தள்ளுங்க டீச்சர், கால் பத்திரம். சார், குனிங்க, கூரை இடிக்கும். இன்னிக்கு வெயில் நல்லாருக்கு, இல்ல?"

இறக்கி வைத்தார். வாயும் சாத்திக்கொண்டது.

"இன்னொரு தடவை தூக்குங்க" என்றார் டீச்சர். தூக்கினார். மறுபடி ஆங்கிலம் கொட்டியது.

அதிசயம் ஒன்றுமில்லை. பாடமெல்லாம் உள்ளே இறங்கித்தான் இருந்தது. அவர் தொழிலில் பேசாமல் சுமை தூக்கினால் அடுத்தவர் கால் நசுங்கும். அவருக்குக் கையும் வாயும் ஒரே நேரத்தில்தான் வேலை செய்யும். உட்கார வைத்து ஆங்கிலம் கேட்டது நம் தப்பு.

அன்று முதல் வகுப்பு நடமாடத் தொடங்கியது. சோபாவைத் தூக்கிக்கொண்டு நலம் விசாரிப்பு. தையல் மெஷினோடு தொழிலைப் பற்றி நாலு வார்த்தை. மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு நேற்று நடந்தது, நாளை நடக்கப்போவது. வீட்டில் எந்தப் பொருளும் சேர்ந்தாற்போல ஒருநாள் ஓரிடத்தில் இருக்கவில்லை. கூடத்துப் பெரிய மேசை ஒரு பாடத்தின்போது சமையலறைக்குள் போய் அங்கேயே நின்றுவிட்டது. விருந்தாளிகளுக்குச் சாப்பிட வேறு இடம் இல்லை.

அண்ணி இடுப்பில் கை வைத்து மேசையைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "போதும் போங்க. எல்லாரும் இங்கயே உக்காருங்க. டீச்சர், தட்டை நீங்களே எடுத்துக்குங்க, அலமாரில கீழ்த்தட்டு."

டீச்சர் அந்தத் தட்டை எடுத்தபோது ஊர் முழுக்க மணி அடித்தது. ("எந்த மணி?" — கணவர். எனக்குக் கேட்டது.)

4

விருந்து. மேசை கூடத்துக்குத் திரும்பியிருந்தது. சம்பந்தி ஒரு பக்கம், எதிரே பீரோ. சம்பந்தியம்மா, மகள், மருமகன், அண்ணி, டீச்சர், கணவர்.

பீரோ தூணாக உட்கார்ந்திருந்தார். வாய் திறக்க வைப்பதையே தொழிலாகக் கொண்ட சம்பந்தி, வெயிலைப் பற்றிக் கேட்டார், லாரியைப் பற்றிக் கேட்டார், தோற்றார். மகள் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்றார் சம்பந்தியம்மா மெதுவாக. போன தடவைக் கேள்வி அந்தக் குரலுக்குள் உட்கார்ந்திருந்தது.

பீரோ டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தண்ணீர் ஜாடியை அவர் பக்கம் தள்ளினார். அவர் தூக்கினார். "தண்ணி" என்றார். அந்தக் கனத்துக்கு அவ்வளவுதான் வந்தது. டீச்சர் சூப் அண்டாவைத் தள்ளினார். "சூப். சூடா இருக்கு." மருமகனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மகள் கண்ணில் தண்ணீர் முட்டியது.

பீரோ குனிந்து மேசையைப் பார்த்தார்.

("இங்கயே நிறுத்திடு. இதுக்கு மேல போனா உன்னை யாரும் காப்பாத்த முடியாது" என்கிறார் கணவர். போகிறேன்.)

இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்து எழுந்தார். தட்டுகள் நடுங்கின. "சம்பந்தி, உங்க பக்கம் பிடிங்க!" அந்த அதட்டலில் பல் டாக்டர் பிடித்தே விட்டார். மருமகனும் மகளும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள். மேசை கிளம்பியது.

"போன தடவை நான் பேசலைன்னு வருத்தப்பட்டீங்களாம். கோவமெல்லாம் இல்ல… நாற்காலி இருக்கு, பாத்து… வாய் வரலை, அதான். உங்க பையன் காலைல என் பொண்ணு எழுந்திருக்கறதுக்கு முன்னாடி டீ போட்டு வைக்கறாராம். அவ போன்ல சொன்னா… கொஞ்சம் இடது பக்கம், சம்பந்தி… நான் லாரியை ஓரமா நிறுத்திட்டு அழுதேன். அப்படி ஒரு பையனை வளர்த்தவங்களைப் போய் எனக்குப் பிடிக்காம இருக்குமா? படி வருது, படி வருது, மெதுவா!"

தோட்டத்துப் படியில் பின்னோக்கி இறங்கிக்கொண்டே சம்பந்தி சொன்னார்: "பேசுங்க சம்பந்தி. கை வலிக்கலை. பேசுங்க."

5

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கிறது.

அ. மேசையைத் தோட்டத்தில் இறக்கினார்கள். பீரோ உடனே ஊமையானார். சம்பந்தி யோசித்துவிட்டு, "திரும்ப உள்ள கொண்டுபோகலாமா?" என்றார்.

ஆ. இறக்கவே இல்லை. தெருவில் இறங்கி, மருந்துக்கடை தாண்டி, டீச்சர் வகுப்பெடுக்கும் கட்டடத்தைச் சுற்றி…

இ. மகள் ஒரு கையால் மேசையைத் தாங்கிக்கொண்டே இன்னொரு கையால் அப்பாவின்…

எனக்கு எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மேசை கிளம்பியதும் அண்ணி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்; அந்தப் பிடியை மட்டும் எதிலும் விட்டுவிடாதீர்கள்.

பேனாவை மூடப் போனேன். கணவர் தாளைப் பிடுங்கி மேசை கிளம்பும் இடத்திலிருந்து மறுபடி படித்தார். உதடு அசைந்தது. அவருக்குக் கோபம் வந்தது.

"என்ன எழுதியிருக்கே நீ? பாதியை விட்டுட்டே!"

"எதைங்க?"

"மேசை வாசப்படி தாண்டும்போது சம்பந்தியம்மா என்ன பண்ணாங்க? தட்டு ஓடுதேன்னு கூடவே நடந்துக்கிட்டு, நடந்துக்கிட்டே சாப்பிட்டாங்கல்ல? எங்கிட்ட வேற, அந்த உப்பை எடுங்கன்னாங்க. நானும் பின்னாடியே ஓடிப்போய்க் குடுத்தேனே! அதை எழுது முதல்ல."