விழுந்த இடம்

இரவு பெய்த மழையில் நந்தனம் மைதானம் சேறாகிக் கிடந்தது. விடிவதற்கு முன்பே லாரிகளிலிருந்து இரும்பு இறங்கத் தொடங்கிவிட்டது. நான்கு பேர் தூக்க வேண்டிய சட்டங்களை இரண்டு பேர் தூக்கினார்கள். ஈர இரும்பு தோளில் வழுக்கியது. வழுக்காமல் பிடித்தால் உள்ளங்கைத் தோலை உரித்தது. கணுக்கால் வரை புதைந்த காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தார்கள். மூச்சு வாங்கும் சத்தமும் இரும்போடு இரும்பு மோதும் சத்தமும்தான் கேட்டன.

தேவானை பிளைவுட் பலகைகளைத் தலையில் வைத்து மேடைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். அவள் தம்பி சேரன் மேடைக்கு மேலே ஏறி வேலை செய்கிறவன். இருவரும் அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். குடிசைகளை இடித்து, குடும்பங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பிய பிறகு, ஊருக்குள் வேலைக்கு வருவதற்கே பாதித் தூக்கம் போய்விடுகிறது. புருஷனை இழந்த தேவானைக்கு அந்தத் தம்பிதான் எல்லாம். அவனுக்கும் பெண்சாதி ஷீலாவுக்கு அடுத்து அவள்தான்.

அன்று மாலை அங்கே ஜெஃப்ரியின் கச்சேரி. சாந்தோமில் பிறந்து, கோயில் பாடகர் குழுவில் பாடி, சினிமாவுக்குப் போய்ப் பெரிய ஆளானவன். போன வருஷம் அவன் எழுதிப் பாடிய ஒரு பாட்டு ஊரையே ஆட்டிவைத்தது. உயரத்தில் வேலை செய்யும்போது விழுந்து செத்த ஒரு தொழிலாளியைப் பற்றிய பாட்டு.

*வுழுந்தவன் பேரு இன்னா?*
*எய்ந்து நின்னு சொல்லு நைனா!*

கல்லூரிப் பிள்ளைகள் அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். போராட்டப் பந்தல்களில் போட்டார்கள். கல்யாண மண்டபங்களிலும் போட்டார்கள். சேரனுக்கு அந்தப் பாட்டு என்றால் உயிர். டீ குடிக்கும் நேரத்தில் அதைப் பற்றி ஒரு வாக்குவாதம் கிளம்பியது. குழுவுக்கு மேஸ்திரி கரீமுல்லா, நம்ம பேச்சிலேயே கட்டியிருக்கான், நம்மைப் பாடவும் ஓர் ஆள் வேண்டாமா என்றார். தேவானைக்கும் பாட்டு பிடிக்கும். ஆனால் ஏதோ ஒன்று உறுத்தியது.

"பாட்டு நல்லாத்தான் கீது. வுழுந்தவனை மட்டும் கேக்குறான். பெல்ட்டு குடுக்காம ஏத்துனவன் யாருன்னு கேக்கலியே?"

சேரன் சிரித்துவிட்டான். "அதுக்கெல்லாம் பாட்டுல அட்ரஸா குடுப்பாங்க? போக்கா."

அவன் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தபோது மேடை போடும் கம்பெனியின் முதலாளி ரகுபதி வந்தார். முந்தின நாள் சாயங்காலம் ஜெஃப்ரி புதிதாக ஒன்று கேட்டிருந்தான். அந்தப் பாட்டு வரும்போது மேலேயிருந்து ஓர் இரும்புக் கூண்டு இறங்க வேண்டும். அதற்குள் நின்று அவன் பாட வேண்டும். கூண்டு ராத்திரியே செய்து வந்துவிட்டது. அதை மேலே ஏற்ற வேண்டும். கரீமுல்லா தயங்கினார். சட்டமெல்லாம் ஈரமாக இருக்கிறது, வெயில் வரட்டும் என்றார். உயரத்தில் ஏறும்போது இடுப்பில் கட்டும் பெல்ட்டுகள் ஈக்காட்டுத்தாங்கல் குடோனில் கிடந்தன. ஆள் அனுப்பினால் கொண்டுவந்துவிடலாம் என்றார். ரகுபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆர்ட்டிஸ்ட் ஒத்திகைக்கு வந்துகொண்டிருக்கிறார், இத்தனை வருஷமாக பெல்ட்டோடா ஏறினீர்கள் என்று கேட்டார்.

ஜெஃப்ரி வந்துவிட்டான். மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கூண்டு ஏறுவதைப் பார்த்தான். நான்கு மூலையிலும் சங்கிலி இழுத்தார்கள். பாதி உயரத்தில் ஒரு மூலை சட்டத்தில் மாட்டிக்கொண்டது. சேரன் ஏறினான். மாட்டியிருந்த மூலையை உதைத்து விடுவித்தான். கூண்டு ஆடி அவன் மார்பில் மோதியது.

அவன் கத்தவில்லை. பலகைமேல் விழுந்த சத்தம், ஈர மூட்டையைப் போட்டதுபோல் இருந்தது.

தேவானை ஓடிப் போய்ச் சேர்வதற்குள் நாலைந்து பேர் தூக்கிவிட்டார்கள். காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. ரகுபதி தன் காரிலேயே ஏற்றச் சொன்னார். கம்பெனி ஆள் ஒருவன் கூடப் போனான். அவளும் ஏறப் போனாள். ரகுபதி கதவைப் பிடித்துக்கொண்டார். உள்ளே விடமாட்டார்கள், நீ வெளியே உட்கார்ந்து அழுதால் அவன் பயந்துவிடுவான், வேலை முடிந்ததும் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அதற்குமேல் பேச விடாமல் கார் கிளம்பியது.

அவள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு தெருவுக்கு ஓடி ஆட்டோவைக் கைகாட்டினாள். ரகுபதி பின்னாலேயே வந்து போனை அவள் காதில் வைத்தார். கூடப் போன ஆள் பேசினான். கால்தான் முறிந்திருக்கிறது, எக்ஸ்ரே எடுக்கிறார்கள், பேசுகிறார், அக்காவைப் பயப்பட வேண்டாமென்று சொல்லச் சொன்னார் என்றான். தேவானை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஷீலாவுக்குப் போன் செய்து, கால் முறிவுதான், நீ கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலையாதே, சாயங்காலம் நான் போய்ப் பார்க்கிறேன் என்றாள்.

மேடையில் ரத்தம் பட்ட பலகைகளைத் திருப்பிப் போடச் சொன்னார்கள். அதன்மேல் கறுப்புக் கம்பளம் விரித்தார்கள்.

மதியம் மறுபடியும் கேட்டாள். இப்போதுதான் இரண்டு வாய் கஞ்சி குடித்தார், தூங்குகிறார் என்று அதே ஆள் சொன்னான். தேவானை நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டும் வேலையில் இறங்கினாள். மாட்டி முடித்தால் போய்விடலாம். கூட வேலை செய்த பெண்களும் அவளுக்காக வேகவேகமாக மாட்டினார்கள்.

ஜெஃப்ரியின் குழுவில் வேலை செய்கிற ஒரு பெண் அவளைத் தேடி வந்தாள். சேரனின் போட்டோ இருக்கிறதா, சார் கேட்டார் என்றாள். ஆஸ்பத்திரிக்கு வேண்டுமாயிருக்கும் என்று தேவானை போனைக் கொடுத்தாள். சுப்பம்மா அத்தையின் மகள் கல்யாணத்தில் எடுத்த படம்; மஞ்சள் சட்டையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அதைத் தன் போனுக்கு அனுப்பிக்கொள்ளும்போது அந்தப் பெண்ணின் கண் நிறைந்தது.

"அழாதம்மா. கால்தான். சேந்துடும்," என்றாள் தேவானை.

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் வேகமாகப் போய்விட்டாள்.

வெயில் தணியும் நேரத்தில் மேடைக்குப் பின்னாலிருந்த பெரிய திரையைச் சோதித்தார்கள். முதலில் வண்ணக் கோடுகள் வந்தன. பிறகு ஜெஃப்ரியின் முகம் வந்தது. அதற்குப் பிறகு சேரன் வந்தான். மஞ்சள் சட்டை கறுப்பு வெள்ளையாகியிருந்தது. அதே சிரிப்பு. இரண்டு மாடி உயரத்துக்கு அவன் முகம் நின்றது. கீழே ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. அவன் பேரும், பிறந்த வருஷமும், பக்கத்தில் இந்த வருஷமும் எழுதியிருந்தன.

தேவானைக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவள் முகத்தை மட்டும் பார்த்தாள். தம்பி படத்தை எதற்குப் போடுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தேவானை மறுபடியும் திரையைப் பார்த்தாள். மெழுகுவர்த்தி அப்போதுதான் கண்ணில் பட்டது.

அவள் போட்ட சத்தத்தில் மேலே விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் இறங்கி வந்தார்கள்.

கார் போய்ச் சேர்வதற்கு முன்பே சேரன் இறந்துவிட்டான் என்பது அப்போதுதான் தெரிந்தது. எக்ஸ்ரே, கஞ்சி, தூக்கம் எல்லாம் சவக்கிடங்கு வாசலில் நின்றுகொண்டு சொன்ன பொய்கள். ரகுபதி ஓடி வந்து முதலில் திரையை அணைக்கச் சொன்னார். பிறகு தாழ்ந்த குரலில் பேசினார். ஷோ முடிந்ததும் பக்குவமாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தாராம்.

"ஆஸ்பத்திரில எல்லாம் நாங்க பாத்துக்கிட்டோம்மா. பைக்குல போறப்ப வுழுந்துட்டான்னு எழுதிக் குடுத்தாச்சு. கேசு கோர்ட்டுன்னு நீ அலைய வேணாம் பாரு. உன் நல்லதுக்குத்தான்."

தேவானை தரையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அவனுக்கு பைக்கே ஓட்டத் தெரியாது சார்."

ரகுபதி சுற்றிலும் பார்த்தார். வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது, மீதி நாற்காலியைப் போட்டுவிட்டு வாருங்கள், எல்லாரும் சேர்ந்து போகலாம் என்றார். கரீமுல்லா தோளில் கிடந்த சங்கிலியைக் கழற்றிக் கீழே போட்டார். மற்றவர்களும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். உறை மாட்டாத நாற்காலிகளில் பெண்கள் உட்கார்ந்தார்கள். அதுவரை அந்த மைதானத்தில் அவர்கள் யாரும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

சத்தம் கேட்டு ஜெஃப்ரி தன் வண்டியிலிருந்து இறங்கி வந்தான். பாதி ஒப்பனை போட்ட முகம் வெளுத்திருந்தது. தேவானையின் எதிரே சேற்றில் மண்டியிட்டான். அவளிடம் சொல்லிவிட்டார்கள் என்றுதான் நினைத்தானாம். அவன் அழுததில் பொய் இல்லை. இனிமேல் அந்தப் பாட்டு சேரனுடைய பாட்டு என்றான். இன்றைக்கு முப்பதாயிரம் பேர் எழுந்து நின்று அவர் பேரைச் சொல்வார்கள் என்றான்.

தேவானை அவனை உற்றுப் பார்த்தாள்.

"காலையில நீ இங்கதானே இருந்தே தம்பி?"

"இருந்தேன்க்கா."

"அவன் வுழுந்ததைப் பாத்தியா?"

"பார்த்தேன்."

"அதைப் போலீஸ்ல வந்து சொல்லு. பைக்குல வுழல, எனக்குக் கூண்டு மாட்டப் போய் வுழுந்தான்னு. நீ சொன்னா எழுதிப்பாங்க. பாட்டு அப்பால பாடிக்கலாம்."

ஜெஃப்ரி ரகுபதியைப் பார்த்தான். ரகுபதி அவனைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார், வேண்டாம் என்று. ஜெஃப்ரி எழுந்து முழங்காலில் ஒட்டிய சேற்றைத் துடைத்தான். வக்கீலிடம் கேட்க வேண்டும் என்றான். விளம்பரம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், தன் ஒருவன் கையில் இல்லை என்றான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை.

"நான் பாட்டு எழுதறவன்க்கா. என்னால முடிஞ்சது அதுதான். புதுசாவே ஒண்ணு எழுதறேன், அவருக்காக."

"வேணாம்ப்பா," என்றாள் தேவானை. "எழுதாத."

அவன் திரும்பி நடந்தான். வண்டிக் கதவு சாத்திக்கொண்டது.

ரகுபதியின் பக்குவமெல்லாம் அதோடு தீர்ந்தது. நீங்கள் இல்லாவிட்டால் ஊரில் ஆள் இல்லையா என்று கத்தினார். இனிமேல் எந்த மேடைப் பக்கமும் உங்கள் நிழல் விழாது என்றார். கோடம்பாக்கத்துக்குப் போன் போட்டு, சினிமாவுக்கு விளக்குப் பிடிக்கிற ஆட்களை இரண்டு வேன் நிறைய அனுப்பச் சொன்னார்.

வேன்கள் சீக்கிரமே வந்தன. கரீமுல்லா அவற்றை மறிக்கவில்லை. முன் வேனின் ஜன்னல் பக்கம் போய் நின்று, நடந்ததைச் சொன்னார். எவ்வளவு உயரம், என்ன கூண்டு, பெல்ட்டு எங்கே கிடந்தது, ஆஸ்பத்திரியில் என்ன எழுதியிருக்கிறது என்பதையெல்லாம் நிதானமாகச் சொன்னார். வந்தவர்களுக்குத் தலைவர் உமர் ஃபாரூக் என்பவர். இடது கையில் இரண்டு விரல் இல்லாதவர். அவர் இறங்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தார். ரகுபதி இறங்குங்கள் இறங்குங்கள் என்று வேனின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டிருந்தார். உமர் ஃபாரூக் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"பாய், உங்காளுங்களை ஏறச் சொல்லுங்க," என்றார். "நெருக்கி உக்காந்தா எல்லாரும் போயிடலாம். எந்த ஆஸ்பத்திரி?"

மடிமேல் மடியாக உட்கார்ந்து போனார்கள். மைதானத்து வாசலில் சட்டையில் பாட்டு அச்சடித்த பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சேறு படிந்த இந்த ஆட்கள் ஏறிய வேன்களுக்கு அவர்கள் வழி விட்டார்கள். வேனுக்குள் யார் போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

கச்சேரி நின்றுவிடவில்லை. கூண்டு இல்லாமலேயே, திரை இல்லாமலேயே, ஒரு கித்தாரோடு ஜெஃப்ரி நின்று பாடினான். அவன் இதுவரை இப்படி உருகிப் பாடியதே இல்லை என்று மறுநாள் எல்லோரும் எழுதினார்கள்.

அந்த நேரத்தில் அவர்கள் அரசு மருத்துவமனையின் சவக்கிடங்கு எதிரே இருந்தார்கள். ஷீலா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள். அவளும் தேவானையும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சுவரோரம் கொஞ்ச நேரம் கிடந்தார்கள். பிறகு எழுந்து, மருத்துவமனைக் காவலறைக்குப் போனார்கள். பின்னால் அத்தனை பேரும் போனார்கள்.

அங்கே இருந்த ஏட்டு, பைக் விபத்து என்று ஏற்கெனவே எழுதியாயிற்று, இனி மாற்ற முடியாது, நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாருங்கள் என்றார். யாரும் போகவில்லை. வெளியே வராந்தாவிலும் படியிலும் உட்கார்ந்தார்கள். ஏட்டு யாருக்கோ போன் செய்தார்; யாரோ ஏட்டுக்குப் போன் செய்தார்கள். கடைசியில் அவர் எழுந்து வாசலுக்கு வந்து, விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் யார் என்று சலிப்போடு கேட்டார்.

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். கோடம்பாக்கத்து ஆட்களும் சேர்ந்து எழுந்தார்கள். கரீமுல்லா அவர்கள் பக்கம் திரும்பினார்.

"பாக்காதவங்க சொல்ல வேணாம். நாளைக்கு அதை வச்சே எல்லாரையும் பொய்யின்னுடுவாங்க. நீங்க கூட நில்லுங்க. அது போதும்."

உமர் ஃபாரூக் சரியென்று தலையாட்டினார். அவருடைய ஆட்கள் உட்காரவில்லை. சுவரோரம் ஒதுங்கி, வரிசையாக நின்றார்கள்.

தேவானை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிள்ளையை ஷீலாவின் இடுப்பிலிருந்து வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஏட்டு இன்னும் பேனாவை எடுக்கவில்லை. அவர் எடுக்கும்வரை மேஜைக்கு எதிரே நின்றாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

"ராவெல்லாம் மழை சார். இரும்பு ஈரமாக் கெடந்துச்சு…"