மெட்டாவின் பயணக்கட்டணம்

முப்பத்தொன்பது டாலர் இருபது சென்ட். எங்களைக் கடல் கடந்து கூட்டிவந்த சபை நிதிக்கு நான் தரவேண்டிய பாக்கி அது. மூன்று பேருக்கு வாங்கிய கடனில் என் பங்கையும் மனைவி மாரெனின் பங்கையும் கோதுமையாகவும் வாய்க்கால் வெட்டிய நாட்களாகவும் கட்டித் தீர்த்துவிட்டேன். மீதி எங்கள் மகள் மெட்டாவினுடையது. அதை மட்டும் இருபது வருடமாகத் தொடவில்லை.

நாற்பது வயதில்தான் எழுத்துக் கற்றேன். தண்ணீர் முறைப் பட்டியலைப் படிக்க என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பிஷப்பின் கணக்கேட்டில் அவள் பெயரைப் பார்க்கத்தான். மெட்டா, வயது ஆறு. அவள் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் அது. கரையிறங்கிக் கைவண்டி இழுத்து நடந்துவந்த வழியில், மணல்மேட்டில் அவளை வைத்த குழிக்குக் கல்கூட இல்லை. கையால் தோண்டிய குழி. வண்டிகள் நிற்கவில்லை.

இந்த வருடம் சபைக்கு ஐம்பதாவது ஆண்டு. ஏழைகளின் பயணக்கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மேலிடத்து ஆணை. பிஷப் டர்லி என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தக் கடன் இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அவர் சிரித்தார்.

"தண்ணி முறைக்கு அஞ்சு நிமிஷம் கூடக் கேட்டுச் சண்டை போடுற ஆளு, கடனை வச்சுக்கிறேங்கிறீரே பிரதர் ராஸ்மஸ். பொண்ணு இப்ப எங்க? கட்டிக்கிட்டு வடக்க போயிட்டாளா?"

"அவ வந்து சேரல, பிஷப்."

சிரிப்பு நின்றது. ஏட்டில் அவள் பெயருக்கு நேரே விரலை வைத்தார்.

"பாக்கி இருக்கிற ஏட்டை இந்த மாசமே மேல அனுப்பணும். பேரைக் கோடு போட்டு அடிச்சுத்தான் ஆகணும். உம்ம தினக்குறிப்புல அவ பேரை எழுதி வையுமேன். எல்லாரும் தினக்குறிப்பு எழுதணும்னுதானே சபையில சொல்லியிருக்கு."

"அதுல எழுதணும்னா கொழுப்பையும் எழுதணும்."

அவருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். இருபது வருடத்தில் முதல்முறையாக ஒரு மனிதரிடம் சொன்னேன். கைவண்டியின் அச்சு கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. மாவு தீர்ந்துபோயிருந்தது. கட்டைவிரல் அளவு பன்றிக்கொழுப்பு மிச்சம். மெட்டா கை நீட்டினாள். வண்டி நின்றால் மூன்று பேரும் செத்துப்போவோம் என்று நான் அதை அச்சில் தேய்த்தேன். அவள் அச்சை நக்கப் போனாள். அடித்தேன். மறுநாள் விடிந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. மதியத்துக்குள் அச்சு மறுபடி கிறீச்சிட ஆரம்பித்தது.

இப்போதும் வாய்க்காலில் மதகைத் தூக்கும்போதெல்லாம் அதே சத்தம். மாரென் முன்பெல்லாம் சோப்பு கொண்டுவந்து தடவுவாள். பிறகு விட்டுவிட்டாள். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பிஷப் பேனாவை எடுத்தார்.

"மெல்லிசா இழுங்க," என்றேன்.

பேரின் குறுக்கே ஒரே கோடு. மை நிறைய விழுந்துவிட்டது. உலர்வதற்காக ஜன்னலோரக் கிண்ணத்திலிருந்து ஒரு பிடி மணலை அள்ளி, அதன்மேல் தூவினார். பெயர் மூடிக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து ஏட்டைச் சாய்த்துத் தட்டினார். மணல் சரிந்து தரையில் கொட்டியது. ஈரம் மிச்சமிருந்த முதல் எழுத்தில் மட்டும் சில துகள்கள் ஒட்டிக்கொண்டு, வெயிலில் மினுங்கின.